குறைந்த செலவில், வீட்டிலேயே

அசல் காப்பு வாரியத்துக்கு மக்கள்மேல் எவ்வளவு அக்கறை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கறிக்கடைக்காரரின் மூக்கைப் பார்த்தால் போதும். மூக்கு என்றால் முகத்தின் நடுவில் இருக்க வேண்டும். இவருடையது கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டு நிற்கிறது. அது வாரியம் செய்து கொடுத்தது.

மூக்கு நேராக இருந்த காலத்தில் அவர் தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்த மனிதர். நாளெல்லாம் எலும்பு வெட்டுகிறவர்தான் என்றாலும் யாராவது குரலை உயர்த்தினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் அவர் ஸ்டூலின் மேல் ஏறிக்கொள்வார், அவர் மனைவிதான் அடிப்பாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழை வந்தால் ஒழுகுகிற கூரை. அப்பா கட்டியது, இவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. அதற்கு ஒரு பத்திரம் இருந்தது, பத்திரத்தில் இவர் போட்டோ இருந்தது. பத்திரம் சரியில்லாத வீடுகளை இடிப்பதற்கென்று வாரியம் ஒரு இயந்திரத்தை வாங்கித் தெருமுனையில் நிறுத்தியிருந்தது. அதன் நிழலில் ஓட்டுநர் படுத்துத் தூங்குவார். அவர் எழுந்து சோம்பல் முறித்தாலே தெருவில் பாதிப் பேர் பத்திரத்தைத் தேடி ஓடுவார்கள்.

ஒரு மழையில் பத்திரத்தின் ஓரம் நனைந்துவிட்டது. கறிக்கடைக்காரர் அதை விசிறியால் விசிறிக்கொண்டு, தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் வாரியம் காகிதப் பாதுகாப்பு வாரம் என்று அறிவித்தது. வீட்டுக் காகிதங்களைக் குறைந்த செலவில் வீட்டிலேயே நகலெடுத்துப் பாதுகாப்பது எப்படி என்று காலை வகுப்பு, அனுமதி இலவசம். பக்கத்து வீட்டுத் தையல்காரரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வகுப்பெடுத்தவர் வாரியத்தின் கண்காணிப்பாளர். வழுவழுவென்று சவரம் செய்த முகம், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல். வெளிச்சம் விழும் சன்னல் ஓரத்தில் காகிதத்தை விரித்து, நிழல் படாமல் போனில் படம் பிடிக்கச் சொன்னார். படத்தைத் தனக்குத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளச் சொன்னார். யாராவது கழித்துப் போட்ட பிரிண்டர் கிடைத்தால் வாங்கி அச்சடித்து, ஜிப் கவரில் போட்டு, ஈரத்தை உறிஞ்ச ஒரு துண்டு சாக்பீஸோடு பிஸ்கட் டின்னில் வைக்கச் சொன்னார். எல்லாம் நல்ல யோசனைகள், அதில் குறை சொல்ல முடியாது. கடைசியில் வருகைப் பதிவில் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டுப் போகச் சொன்னார். கையெழுத்து புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

கறிக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தார். பிஸ்கட் டின் மட்டும் அவருக்குத் திருப்தியாக இல்லை. டின்னில் துரு வரும், எறும்பு வரும். கறியே கெடாத இடத்தில் காகிதம் எப்படிக் கெடும் என்று அவருக்குப் பட்டது. நகல்களைக் கறி மடிக்கிற கவரில் நாலு சுற்றுச் சுற்றி, கடை ஃப்ரீசரில் ஆட்டுக்கால்களுக்கு அடியில் செருகி வைத்தார். பத்திரத்தையும் எடை போட்டு விற்றுவிடப் போகிறீர்கள் என்று மனைவி கேலி செய்தாள். அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், வாரியத்தின் நகல் ஒழிப்புப் பிரிவு வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உடைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று விதி இருந்ததால் கதவைச் சாத்திவிட்டு உடைத்தார்கள். கையில் தடி, தோளில் சிவப்புப் பட்டை. நடுவில் வந்தவர் போன வாரம் காலை வகுப்பெடுத்த அதே கண்காணிப்பாளர், அதே சவரம். கறிக்கடைக்காரரை அடையாளம் கண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தவர்தானே என்று அன்போடு விசாரித்தார். ஆமாம் என்று இவர் சிரித்தபோது வாயில் முதல் அடி விழுந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அலமாரியைக் கவிழ்த்தார்கள். பிரிண்டரைத் தெருவில் போட்டு, எத்தனை நகல் எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அது கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளாமல் உயிரை விட்டது. போனைக் கறி வெட்டும் கட்டையில் வைத்து, அவருடைய கத்தியாலேயே கொத்தினார்கள். ஃப்ரீசரிலிருந்து ஆட்டுக்கால்கள் பறந்தன. அடியில் நகல்கள் அகப்பட்டதும், இத்தனை வருட சர்வீஸில் குளிரூட்டப்பட்ட குற்றத்தை இப்போதுதான் பார்ப்பதாகக் கண்காணிப்பாளர் வியந்தார். நகல்களைக் கைமா அரைக்கும் இயந்திரத்தில் போட்டு, கைப்பிடியை அவரையே சுற்ற வைத்தார்கள். வெள்ளையாகப் புழுப் புழுவாக வந்து விழுந்தது.

உதட்டிலிருந்து ரத்தம் ஒழுக, நீங்கள்தானே ஐயா சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கறிக்கடைக்காரர் கேட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு அதிகாரியைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கண்காணிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. "காலையில நடக்கிறது கல்வி, மதியம் நடக்கிறது சட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. நகல்னு ஒண்ணு வந்துட்டா அசலுக்கு என்ன மரியாதை, சொல்லுங்க? வகுப்புக்கு வராதவங்க வீட்டுக்கு நாங்க போறதே இல்லை. அவங்களுக்கு நகல் எடுக்கவே தெரியாதே, பாவம்."

அதைச் சொல்லி முடித்துத் தலையசைத்தார். இரண்டாவது அடி மூக்கில் விழுந்தது. அதன் பிறகு விழுந்தவற்றை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. மனைவியை இரண்டு பேர் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு அடியையும் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தையல்காரர் அலறுவது கேட்டது. அவருடைய மீசையில் ஒரு பக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அசல் பத்திரத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். உடைந்த கதவை ஒருவர் மரியாதையாகச் சாத்திவிட்டுப் போக முயன்றார், முடியவில்லை.

வாரியத்தின் அலுவலகத்தில் நீளமான ஒரு கூடம். சுவர் முழுக்க, அமைதி காக்கவும் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துகளுக்குக் கீழேதான் சம்மட்டி அடிப்பார்கள். அங்கே அசலைக் கண்டுபிடிக்கிற முறை தனி. இரண்டு ப்யூன்கள் பத்திரத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, கால் ஊன்றி இழுப்பார்கள். கிழிந்தால் போலி. கிழியாததைக் கருங்கல் பலகைமேல் வைத்து, முத்திரையை அதன்மேல் நிறுத்தி, மூன்றாவது ப்யூன் சம்மட்டியால் ஓங்கிப் போடுவார். தாங்கினால் அசல். கறிக்கடைக்காரரின் பத்திரம் அப்பா வாங்கிய பத்திரம் ஆயிற்றே, ஒரு மூலையை மட்டும் இழந்துவிட்டுத் தாங்கியது. அவருக்கு அப்பாவை நினைத்து அழுகை வந்தது. ஒரு கண்ணால்தான் அழ முடிந்தது, மற்றது திறக்கவில்லை.

பத்திரம் தாங்கினால் மட்டும் போதாது, உரிமையாளரும் அசலாக இருக்க வேண்டும். போட்டோவையும் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்காணிப்பாளர் பார்ப்பார். முன்னால் நின்ற தையல்காரருக்குப் போட்டோவில் முழு மீசை, முகத்தில் அரை மீசை. இவர் அவர் இல்லை என்று தீர்ப்பாயிற்று. பிடுங்கியதே நீங்கள்தான் என்று தையல்காரர் கத்தினார். புதுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அரை மீசையோடு போட்டோவுக்கு நிற்க மாட்டேன், எனக்கும் மானம் இருக்கிறது என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய நெஞ்சில் மிதித்துக் கூடத்துக்கு வெளியே தள்ளினார்கள். அன்று மாலையே ஓட்டுநர் எழுந்து சோம்பல் முறித்தார். தையல் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளக்கூட விடாமல் வீட்டை இடித்துத் தள்ளினார்கள். தூசு அடங்கியபோது தையல்காரர் வாசற்படி மட்டும் மிஞ்சியிருந்தது, அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

தையல்காரர் கூடத்துக்கு வெளியே தள்ளப்பட்டதைக் கண்ணால் பார்த்த கறிக்கடைக்காரர், தன் முறை வந்ததும் வீராப்பு எதுவும் காட்டவில்லை. வீங்கிய முகத்தோடு புதுப் போட்டோவுக்கு உட்கார்ந்தார். போட்டோ எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். சிரித்ததில் ஒரு பல் கழன்று மடியில் விழுந்தது, அந்த நொடியில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இடக்கண் மூடி, உதடு பிதுங்கி, மூக்கு ஒதுங்கி, கன்னம் பாதிக்கு நீலம் பாரித்த ஒரு முகம் பத்திரத்தில் ஏறியது. வீடு பிழைத்தது என்று அவர் மனைவியிடம் சொன்னார். அவள் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் உடம்பு வாரியத்தின் விதிகளைப் படித்ததில்லை. அது பாட்டுக்கு ஆறியது. கண் திறந்தது, உதடு வற்றியது, நீலம் மஞ்சளாகி மறைந்தது. வருடம் திரும்பியபோது மூக்கையும் பல்லையும் தவிர மற்றதெல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அப்போது வந்தது ஆண்டுச் சரிபார்ப்பு அறிவிப்பு. உரிமையாளர் போட்டோவில் உள்ளபடி வர வேண்டும், வராவிட்டால் வீடு உரிமையாளர் இல்லாத வீடாகக் கருதப்படும் என்று போட்டிருந்தது. தெருவில் அநேகமாக எல்லாப் பத்திரத்திலும் வீங்கின முகம்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஆறிப்போன தங்கள் முகத்தை எல்லாரும் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வாரியம் மக்களைக் கைவிடுமா? முகச் சீரமைப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தது. அங்கே கட்டணம் கட்டி, போட்டோவில் உள்ளபடி அடி வாங்கிக்கொண்டு போகலாம். கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்காகக் காலை வகுப்பு. இந்த முறை கறிக்கடைக்காரர் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார், அவர் மனைவிதான் போனாள்.

கண்காணிப்பாளர் அதே தேன் குரலில் விளக்கினார். துணி துவைக்கிற கட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும், அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தோல் கிழியாமல் இருக்கக் கட்டையில் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். போட்டோவைக் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்து, சின்ன அடியில் தொடங்கி, நடுநடுவே நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய கட்டையைச் சரிபார்ப்புக்கு வரும்போது கையோடு கொண்டுவர வேண்டும், வாரியம் அதையும் பதிவு செய்யும். முடிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வெளி ஆளைவிட வீட்டு ஆள் அடிக்கிறதுதான் நல்லது. நாங்க அடிச்சா எங்களுக்கு அளவு தெரியாம போயிடுது, அதை நான் ஒத்துக்கிறேன். அன்பு இருக்கிற கைதான் அளவோட அடிக்கும்."

சில பேர் கை தட்டினார்கள்.

சரிபார்ப்பு நாள் காலையில் கறிக்கடைக்காரர் ஸ்டூலைச் சன்னல் ஓரத்தில் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டார். எதிர்ச் சுவரில் போட்டோவின் பெரிய பிரதி, வாரியமே கொடுத்தது. மனைவி கட்டையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். வீடு போனால் போகட்டும், எங்கேயாவது வாடகைக்குப் போகலாம், என்னால் இது ஆகாது என்றாள். அப்பா கட்டின வீடு என்று மட்டும் அவர் சொன்னார். வெளியே தெருவில் வீட்டுக்கு வீடு மொத்து மொத்தென்று சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நடுவே யாரோ ஒரு அம்மாள், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்று அழுதுகொண்டே சொல்வதும் கேட்டது.

அவள் அடித்தாள். கண்ணுக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று. நிறுத்தி ஒப்பிட்டாள். போதவில்லை. மறுபடி அடித்தாள். அவர் ஸ்டூலின் இரண்டு ஓரங்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் வாங்கிக்கொண்டார். அவளுக்குக் கண்ணீரில் போட்டோ தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடித்தாள். ஒரு வழியாகச் சுவரில் இருந்த முகமும் ஸ்டூலில் இருந்த முகமும் ஒன்றாயின. அவர் மூச்சுவிட்டுக்கொண்டு, நன்றாகச் செய்தாய் என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவள் வலக்கன்னத்தில் இன்னொன்று வைத்தாள். மற்றதையெல்லாம்விடப் பலமான அடி. அவர் ஸ்டூலோடு கீழே விழுந்தார்.

போட்டோவில் வலக்கன்னத்தில் ஒன்றும் இல்லையே என்று தரையிலிருந்தபடியே கேட்டார்.

"இது போட்டோவுக்கு இல்லைங்க. அன்னிக்கும் கையைத் தூக்காம அடி வாங்கினீங்க, இன்னிக்கும் கையைத் தூக்காம வந்து உட்கார்ந்தீங்களே, அதுக்கு."

பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்து, மடியில் சாய்த்துக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டாள். வலக்கன்னம் அதற்குள் உப்பிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சுவரில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்தில் வீட்டைத் தொலைத்துவிட்டேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள்.

வாசலில் காவலர்கள் யாராக இருந்தாலும் விடுவதில்லை. வாரியத்து ஊழியர்களையே கழுத்தில் தொங்கும் அட்டையின் போட்டோவையும் முகத்தையும் பார்த்துத்தான் விட்டார்கள். கண்ணை நம்பாதே, போட்டோவை நம்பு என்பது அவர்களுக்குக் கண்காணிப்பாளர் எடுத்த பயிற்சி. உள்ளே கூடம் முழுக்க வீங்கின முகங்கள் கையில் கட்டையோடு வரிசையில் நின்றன. பேசினால் உதடு வலிக்கும் என்பதால் சுவரில் எழுதியிருந்த அமைதி அன்றைக்குத்தான் நிஜமாகவே நிலவியது.

கண்காணிப்பாளர் பத்திரத்தைப் பார்த்தார், கறிக்கடைக்காரரைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். வலக்கன்னம் ஒத்துப்போகவில்லை. கைதவறிப் பட்டுவிட்டது, இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று மனைவி கெஞ்சினாள். இன்றுதான் கடைசி நாள் என்றார் அவர். சன்னல் வழியாகத் தெருமுனை தெரிந்தது. ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மனுஷங்க இஷ்டத்துக்கு மாறிக்கிட்டே இருந்தா வாரியம் யாரைத்தான்மா நம்புறது? என்னைப் பாருங்க." கழுத்து அட்டையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "வேலையில சேர்ந்த அன்னிக்கு எடுத்தது. இன்னிக்கும் அப்படியே இருக்கேன். ஒழுக்கம்னா இதுதான்."

அவள் போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஆமாம் ஐயா, அப்படியே இருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்டாள். பைக்குள் கைவிட்டுக் கட்டையை எடுத்தாள். பதிவு செய்யத்தான் எடுக்கிறாள் என்று அவர் கை நீட்டினார். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் அவள் கடைப்பிடிக்கவில்லை. சுற்றியிருந்த ஈரத்துணியைக் கழற்றிக் கீழே போட்டாள்.

கணவரின் பத்திரத்தில் ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான வீங்கின முகம் அது. ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்குப் போட்டோ தேவைப்படவில்லை. கண்காணிப்பாளருக்குக் கண், உதடு, மூக்கு, கன்னம் என்று வரிசை தப்பாமல் போட்டாள். நாற்காலி சாய்ந்தது, அவளும் கூடவே குனிந்து போட்டாள். வரிசையில் நின்ற ஒருவரும் தடுக்க வரவில்லை. முறை தவறி முன்னால் போகக் கூடாது என்று விதி இருந்தது.

காவலர்கள் ஓடி வந்தபோது கண்காணிப்பாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவளைப் பிடிங்கடா என்று சொல்ல வந்தார். பல்லும் எச்சிலும்தான் வெளியே வந்தன. காவலர்கள் அட்டையில் இருந்த வழுவழுப்பான முகத்தைப் பார்த்தார்கள். எதிரில் இருந்ததைப் பார்த்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். தினமும் வணக்கம் வைக்கிற மனிதர்தான் என்று கண் சொன்னது. ஆனால் கண்ணை நம்புகிற பழக்கத்தை அவர்கள் எப்போதோ விட்டிருந்தார்கள். கண்காணிப்பாளரின் அட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு வந்த போலி என்று முடிவாயிற்று. போலிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் அவரே பயிற்சி கொடுத்திருந்தார். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அதே பயிற்சியைக் கொடுத்துக்கொண்டே இழுத்துப்போய் வெளியே எறிந்தார்கள். அவர்கள் முகத்தில் வருத்தம் இருந்தது என்று சொல்ல முடியாது.

நாற்காலி காலியாக இருந்தது. கல் பலகைமேல் கறிக்கடைக்காரரின் பத்திரம் கிடந்தது. சம்மட்டி வைத்திருந்த ப்யூன் கல்மேல் எது கிடந்தாலும் முத்திரை போடுகிறவர். போட்டார். அதற்குப் பிறகு வந்த பத்திரங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டார். மாலை வரை காத்திருந்த ஓட்டுநர் மறுபடி நிழலில் படுத்துவிட்டார்.

இப்போதும் தினம் காலையில் வாரியத்தின் வாசலுக்கு ஒருவர் வருகிறார். நான்தான் கண்காணிப்பாளர் என்று சொல்கிறார். காவலர்கள் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, தங்கள் கடமையைச் செய்கிறார்கள். அதனால் முகம் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கறிக்கடைக்காரரின் வீடு நிற்கிறது. வாரியத்துக்குப் புதுக் கண்காணிப்பாளர் வந்துவிட்டாராம், அடுத்த சரிபார்ப்புக்கு நாள் குறித்துவிட்டாராம் என்று தெரிந்ததும் தெருப் பெண்கள் கடை வாசலில் வந்து கூடினார்கள். இந்த வருடம் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று அவளைக் கேட்டார்கள். அவள் கறி மடித்துக் கொடுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"துணி துவைக்கிற கட்டையே போதும்கா, செலவே இல்லை. ஈரத்துணி மட்டும் சுத்தாதீங்க."